கொரோனாவுக்குப் பிறகு அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பம்: வன்னிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

"நான் ஒண்டும் செய்யேல்லை ரீச்சர். வீட்டிலதான் நிண்டனான்."

பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் கொமன் அப் என்ற இணையப் படிவத்தில் ‘செயற்பாடுகள்’ என்ற பகுதிக்கு வந்தபோது விசுவமடுப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி என்னிடம் சொன்னது இது. பத்து வரிசையும் வெறுமையாகக் கிடந்தன. நான் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, "காலமை எத்தினை மணிக்கு எழும்புறனீர்?" என்று கேட்டேன். நாலரைக்கு. ஏன்? அம்மா ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஐந்தரை மணிக்குச் சந்தியில் நிற்க வேண்டும். அதற்குள் இடியப்பம் அவித்து, சம்பல் இடித்து, இரண்டு பார்சல் கட்ட வேண்டும். பிறகு அம்மம்மாவுக்குச் சீனி பார்த்து இன்சுலின் போட வேண்டும், தம்பியை வெளிக்கிடுத்த வேண்டும். பின்னேரம்? 2020 இல் பள்ளிக்கூடம் பூட்டியபோது அயல் வீட்டுச் சின்னப் பிள்ளைகள் நாலு பேரை இருத்திக் கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அதை விடவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "ஆனா இது வேற ரீச்சர். செயற்பாடு எண்டால் கழகம், விளையாட்டு மாதிரியெல்லோ?" என்று கேட்டாள்.

கொரோனாவுக்கு முன்பு இந்தக் கேள்விக்கு என்னிடம் தயக்கமான பதில்தான் இருந்திருக்கும். இப்போது தயக்கம் இல்லை. அமெரிக்கக் கல்லூரிகள் எதைப் பார்க்கின்றன என்பது அந்த இரண்டு வருடங்களில் கொஞ்சம் இடம் மாறியது. அந்த மாற்றம் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாதகமானது. ஆனால் அதை இங்கே யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. அதனால் முதன்முறை விண்ணப்பிக்கிற பிள்ளைக்கும், பக்கத்தில் இருந்து உதவுகிற அக்கா, மாமா, ஆசிரியருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன். எங்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம். இந்தக் கட்டுரையில் கல்லூரி என்று வரும் இடமெல்லாம் உயர்தரத்துக்குப் பிறகு நாலு வருடம் படிக்கும் பட்டப்படிப்பு நிறுவனத்தைக் குறிக்கும்.

எது மாறியது, எது திரும்பி வந்தது

2020 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரிகள் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றின. எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி அனுமதிப் பரீட்சை நடக்கும் மண்டபங்கள் பூட்டப்பட்டன. அந்த ஆண்டு மே, ஜூன் பரீட்சைகள் நடக்கவே இல்லை. பல பள்ளிக்கூடங்கள் புள்ளி போடாமல் ‘சித்தி’ என்று மட்டும் எழுதின. விளையாட்டுப் போட்டி, கோடைகால முகாம், கல்லூரிக்கு நேரில் போய்ப் பார்ப்பது எல்லாம் நின்றுபோயின. அதுவரை ஒரு விண்ணப்பத்தைத் தூக்கி நிறுத்திய பொருட்கள் ஒரே மாதத்தில் இல்லாமற் போனதால், அனுமதி அலுவலர்கள் வேறு எதைப் பார்ப்பது என்று யோசிக்க வேண்டியதாயிற்று.

2020 ஜூனில் முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் அனுமதித் தலைவர்கள் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடத்தில் இயங்கும் ஒரு திட்டம் அதை வெளியிட்டது. செயற்பாடுகள் நின்றுபோனதற்காக எந்த மாணவரையும் குறைத்து மதிப்பிட மாட்டோம், வீட்டில் தம்பி தங்கைகளையோ நோயாளியையோ பார்த்துக்கொள்வதையும் குடும்பத்துக்காக உழைப்பதையும் பெறுமதியான பங்களிப்பாகவே கொள்வோம் என்பது அதன் சாரம். குடும்பப் பொறுப்பு என்ற தெரிவு கொமன் அப் படிவத்தில் முன்பே இருந்ததுதான். ஆனால் இவ்வளவு பேர் சேர்ந்து அதை வெளிப்படையாகச் சொன்ன பிறகு, அந்த வரிசையை வெட்கப்படாமல் நிரப்பலாம் என்ற நிலை வந்தது.

எஸ்.ஏ.டி. விருப்பத் தேர்வாகியது அடுத்த பெரிய மாற்றம். கதவு அகலத் திறந்ததும் வரிசையும் நீண்டது. ஹார்வர்டுக்கு 2024 இல் பட்டம் பெற வேண்டிய, அதாவது கொரோனாவுக்கு முன்பே விண்ணப்பித்த வகுப்புக்கு 40,248 பேர் விண்ணப்பித்தார்கள்; அடுத்த வகுப்புக்கு 57,435 பேர். அவர்களில் எடுபட்டவர்கள் 1,968 பேர்தான். ஆகவே, "இப்ப எஸ்.ஏ.டி. தேவையில்லையாம், லேசாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பிறகு பல இடங்களில் பரீட்சை திரும்பவும் வந்துவிட்டது. அதைக் கீழே சொல்கிறேன்.

எங்கள் நாட்டு விண்ணப்பத்தோடு குழப்ப வேண்டாம்

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு கட்டுரையும் கேட்காது, அம்மம்மாவின் இன்சுலினையும் கேட்காது. 2001 இலிருந்து அங்கே உயர்தரப் புள்ளிகளை ஒப்பிடக் கணிக்கும் இசட் புள்ளிதான் பேசுகிறது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டக் கோட்டா, மிச்சம் 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நாலும் அந்தப் பதினாறுக்குள் இருக்கின்றன. கொரோனா இந்தக் கணக்கை மாற்றவில்லை, திகதிகளைத்தான் குழப்பியது. அதே காலத்தில், 2021 ஓகஸ்ட் முதலாம் திகதி, வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் இருக்கின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இங்கேயும் விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டுக் கனவில் ஆணைக்குழுவின் விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிட்ட ஒரு பையனை எனக்குத் தெரியும். கெட்டிக்காரன். அந்த ஒரு வருடம் அவன் வீட்டார் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

1. முதலில் பணத்தைப் பாருங்கள்

எல்லாரும் கல்லூரியின் பெயரில் தொடங்குவார்கள். நீங்கள் பணத்தில் தொடங்குங்கள். வன்னியில் வயலோ கடலோ கூலியோ நம்பி இருக்கிற குடும்பத்துக்கு அரைவாசிப் புலமைப்பரிசில் எந்த உதவியும் இல்லை. மீதி அரைவாசி இங்கே ஒரு வீட்டின் விலை. ஆகவே, குடும்பத்தின் முழுத் தேவையையும் ஈடுசெய்வதாகச் சொல்லும் கல்லூரிகளை மட்டும் பட்டியலில் வையுங்கள்.

அதிலும் ஒரு பிரிவு இருக்கிறது. சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர் பண உதவி கேட்கிறாரா என்பதைப் பார்க்காமலே அனுமதி முடிவை எடுக்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை கொரோனாவுக்கு முன்பே அப்படித்தான். டார்ட்மத், போடன் இரண்டும் 2022 இல் சேர்ந்தன. அதற்குப் பிறகு பிரவுன், நொட்ரடாம், வொஷிங்டன் அன்ட் லீ வந்தன. மற்றக் கல்லூரிகளில் நீங்கள் கேட்கும் தொகை முடிவைப் பாதிக்கும். அதற்காகத் தொகையைக் குறைத்துப் போடாதீர்கள். குறைத்துப் போட்டு இடம் கிடைத்தால், மிச்சப் பணத்துக்கு எங்கே போவது?

கலிபோர்னியாப் பல்கலைக்கழகங்கள் எஸ்.ஏ.டி. புள்ளியைப் பார்ப்பதே இல்லை. அது நல்ல செய்திதான். ஆனால் அவை அரச பல்கலைக்கழகங்கள். வெளிநாட்டு மாணவருக்குக் குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி அங்கே ஏறக்குறைய இல்லை. எங்கள் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அந்த வழி சரிவராது.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு வாசல்: வங்காளதேசத்தின் சிட்டகொங்கில் இருக்கும் ஆசியப் பெண்கள் பல்கலைக்கழகம். 2008 இலிருந்து இயங்குகிறது, இலங்கைப் பிள்ளைகளை எடுக்கிறது, புலமைப்பரிசிலும் தருகிறது. தூரமும் குறைவு. அமெரிக்கா என்றால் தலையாட்டாத அம்மாமார் சிலர் இதற்குச் சம்மதிப்பார்கள்.

வருமானத்தைக் காட்ட சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவத்தைப் பல கல்லூரிகள் கேட்கும். சம்பளச் சிட்டை இல்லாத வீடுதான் எங்கள் வீடுகளில் அதிகம். விதானையாரிடம் வருமானச் சான்றிதழ் எடுத்து, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கி, ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து வையுங்கள். அரசின் அஸ்வெசும நிவாரணம் கிடைக்கிறதென்றால் அந்தக் கடிதத்தையும் வையுங்கள். கனடாவில் இருந்தோ சுவிசில் இருந்தோ மாமா மாதாமாதம் அனுப்பும் காசையும் எழுதத்தான் வேண்டும். அதை மறைப்பது பிழை. வங்கிக் கணக்கில் அது தெரியவும் வரும்.

விண்ணப்பக் கட்டணம் கட்ட வழியில்லை என்றால் கல்லூரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நாலு வரி போதும். தள்ளுபடி கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைப்பதில்லை.

2. பரீட்சைகள்

எம்.ஐ.டி. 2022 இலேயே எஸ்.ஏ.டி.யைத் திரும்பவும் கட்டாயமாக்கியது. 2024 இல் டார்ட்மத், யேல், பிரவுன், ஹார்வர்ட், கல்டெக், கோர்னெல், ஸ்டான்ஃபோர்ட் எல்லாம் திரும்புவதாக அறிவித்தன. 2025 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் அறிவித்தது. பிரின்ஸ்டன் 2027-28 விண்ணப்ப ஆண்டிலிருந்து கேட்கும். மறுபக்கம், நல்ல பண உதவி தரும் சிறு கல்லூரிகள் பல இன்னமும் விருப்பத் தேர்வாகவே வைத்திருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் அந்த ஆண்டுக்கான விதியை நீங்களே படித்து, கொப்பி ஒன்றில் எழுதிக்கொள்ளுங்கள். போன வருடம் அண்ணன் விண்ணப்பித்தபோது இருந்த விதி இந்த வருடம் இல்லாமற் போகலாம்.

விதிக்குள் விலக்கும் உண்டு. எஸ்.ஏ.டி. எழுத வழியில்லாதவர்களிடம் ஹார்வர்ட் வேறு பரீட்சைகளையும் தேசியப் பரீட்சை முடிவையும் ஏற்கிறது. வெளிநாட்டுப் பள்ளிக்கூட மாணவர்களின் தேசியப் பரீட்சையை டார்ட்மத்தும் ஏற்கிறது. எங்கள் உயர்தரம் அப்படியானது. மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டு உறுதிப்படுத்தாமல் இதை நம்பியிருக்க வேண்டாம்.

இருந்தாலும் முடிந்தால் எழுதுங்கள் என்பதே என் எண்ணம். டார்ட்மத் பரீட்சையைத் திருப்பிக் கொண்டுவந்ததற்குச் சொன்ன காரணம் எங்களுக்கு மிக நெருக்கமானது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் தங்கள் புள்ளி போதாது என்று நினைத்து அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். அனுப்பியிருந்தால் அது அவர்களுக்கு உதவியிருக்கும். ஏனென்றால் அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தில் இருந்து அந்தப் புள்ளியை எடுத்தது என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். கொழும்பு சர்வதேசப் பாடசாலைப் பிள்ளையின் 1400 ஒரு விதம், ஒட்டுசுட்டான் பிள்ளையின் 1400 வேறு விதம்.

எஸ்.ஏ.டி. 2023 மார்ச்சிலிருந்து வெளிநாடுகளில் கணினியில்தான் நடக்கிறது. இரண்டு மணி பதினாலு நிமிடம். புளூபுக் என்ற செயலியில் முழு மாதிரிப் பரீட்சைகள் இலவசமாக இருக்கின்றன. கான் அகடமியில் பயிற்சியும் இலவசம். இதற்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து வகுப்புக்குப் போக வேண்டாம். பரீட்சைக்குக் கொழும்புக்குப் போகும் திட்டத்தோடு இருங்கள். முதல் நாளே போய்த் தெரிந்தவர் வீட்டில் தங்குங்கள். இரவு பஸ்ஸில் இருந்து இறங்கிய களைப்போடு பரீட்சை எழுதப் போக வேண்டாம்.

ஆங்கிலத் தகுதிப் பரீட்சை கொரோனா எங்களுக்குத் தந்த உண்மையான வசதி. முன்பு அதற்கும் பெரும்பாலும் வெளியூர்ப் பயணம்தான். 2020 இல் மண்டபங்கள் பூட்டியதும் டுவோலிங்கோ பரீட்சையை ஏராளமான கல்லூரிகள் ஏற்கத் தொடங்கின. டோஃபலும் வீட்டுப் பதிப்பைக் கொண்டுவந்தது. டுவோலிங்கோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். இரண்டு நாளில் முடிவு வரும். ஆனால் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, காதில் எதுவும் மாட்டக்கூடாது, திரையை விட்டு வேறெங்கும் பார்க்கக்கூடாது. எங்கள் வீடுகளில் இது லேசில்லை. கதவு இல்லாத அறை, கோயில் ஒலிபெருக்கி, மின்வெட்டு. பக்கத்துக் கோயிலில் திருவிழா இல்லாத வாரமாகப் பாருங்கள். பின்னேரத்தில் ஆசிரியர் அறை ஒன்றைத் தரச் சொல்லி அதிபரிடம் கேளுங்கள். வாசலில் ஒரு தங்கச்சியைக் காவலுக்கு இருத்துங்கள். கடவுச்சீட்டையும் முன்பே எடுத்து வையுங்கள்.

3. தேர்ச்சி அறிக்கையும் குழம்பிய திகதிகளும்

அமெரிக்கக் கல்லூரி தரம் 9 தொடக்கம் உயர்தரம் வரையான புள்ளிகளைக் கேட்கும். தவணைத் தேர்ச்சி அறிக்கைகளை இப்போதே தேடி எடுங்கள். வெள்ளத்தில் நனைந்து எழுத்து அழிந்த அறிக்கை என்றால், வகுப்பாசிரியரின் புள்ளிப் பதிவேட்டில் இருந்து எடுத்து அதிபர் கையெழுத்தோடு புதிதாகத் தயாரிக்கலாம். சாதாரண தர, உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்களைப் பரீட்சைத் திணைக்களத்திடமிருந்து ஆங்கிலத்தில் பெறலாம்.

கொரோனா எங்கள் சான்றிதழ்களில் ஒரு சிக்கலை விட்டுப் போயிருக்கிறது. 2021 உயர்தரம் நடந்தது 2022 பெப்ரவரியில். 2022 க்குரியது நடந்தது 2023 ஜனவரியில். 2023 சாதாரண தரம் 2024 மேயில். சான்றிதழில் ஒரு ஆண்டு, எழுதியது இன்னொரு ஆண்டு. இங்கே எல்லாருக்கும் தெரியும். பொஸ்டனில் இருந்து படிக்கிறவருக்கு இந்தப் பிள்ளை ஒரு வருடம் சும்மா இருந்ததா, பரீட்சையில் தவறி இரண்டாம் தடவை எழுதியதா என்றுதான் தோன்றும். ஆகவே அதிபரின் கடிதத்தில் மூன்று வரி சேர்க்கச் சொல்லுங்கள்: பள்ளிக்கூடங்கள் எந்தக் காலத்தில் மூடப்பட்டிருந்தன, எந்தத் தவணைப் பரீட்சை நடக்கவில்லை, அரச பரீட்சை எப்போது தள்ளிப்போனது. உங்கள் பள்ளிக்கூடத்தில் எத்தனை பேர் உயர்தரம் எழுதுகிறார்கள், எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்பதையும் அதே கடிதத்தில் எழுதலாம். பௌதிகவியலுக்கு ஒரு வருடம் முழுக்க ஆசிரியர் இல்லாமல் நீங்கள் எடுத்த ‘சி’ என்ன பெறுமதி என்பது அப்போதுதான் தெரியும்.

2025 இல் உயர்தரம் எழுதியவர்களுக்கு இதே நிலை திரும்பவும் வந்தது. நவம்பரில் டித்வா புயலோடு பரீட்சை இடைநின்று, மிச்சப் பாடங்கள் 2026 ஜனவரியில்தான் நடந்தன. அதையும் எழுதச் சொல்லுங்கள்.

உயர்தரத்துக்கும் கம்பஸுக்கும் இடையில் எங்கள் பிள்ளைகள் காத்திருக்கும் ஒரு வருடத்தைப் பற்றி முன்பு எனக்கும் பயம் இருந்தது. 2020 இல் அமெரிக்கப் பிள்ளைகளே ஏராளமாகப் படிப்பை ஒரு வருடம் தள்ளிப்போட்டார்கள். ஹார்வர்டில் புதிதாகச் சேர வேண்டியவர்களில் ஐந்தில் ஒரு பங்கினர். இடைவெளி ஆண்டு இப்போது யாருக்கும் விசித்திரமில்லை. அந்த வருடத்தில் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதிவிடுங்கள்.

4. செயற்பாடுகள்: பத்து வரிசை

படிவத்திலே இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும் என்பேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஆங்கிலத்தில் 150 எழுத்துகள்தான் இடம், இடைவெளியும் சேர்த்து. அதோடு வாரத்துக்கு எத்தனை மணி, வருடத்துக்கு எத்தனை வாரம் என்றும் கேட்பார்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள். ஒரு வாரம் கொப்பியில் நாட்குறிப்பு வையுங்கள்: எழும்பியது, சமைத்தது, தண்ணீர் அள்ளியது, கடையில் நின்றது, வகுப்புக்குப் போனது, படுத்தது. ஏழு நாள் முடிந்ததும் கூட்டிப் பாருங்கள். விசுவமடுப் பிள்ளை கூட்டிப் பார்த்தபோது வீட்டு வேலை மட்டும் வாரத்துக்கு 26 மணி நேரம் வந்தது. தன் கையெழுத்தில் இருந்த அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டினாள்.

அவள் முதலில் எழுதியது: ‘வீட்டு வேலைகளில் தாய்க்கு உதவி.’ அடுத்த தரம்: ‘தாய் வேலைக்குப் போவதால் தினமும் 4 பேருக்குச் சமையல், அம்மம்மாவின் இன்சுலின், கிளினிக் நாட்கள் என் பொறுப்பு, தம்பியின் படிப்பைக் கவனித்தல்.’ இரண்டும் ஒரே வேலைதான். இரண்டாவதில் ஆள் தெரிகிறாள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் செய்கிற, ஆனால் எழுதாமல் விடுகிற வேலைகள் கணக்கில் அடங்காது. சிறுபோகத்தில் இரணைமடு வாய்க்கால் தண்ணீருக்கு முறை பார்த்து இரவில் வரம்பில் நிற்பது. யானைக்குக் காவல் கொட்டிலில் படுப்பது. விடியப்புறம் அப்பாவோடு கரைக்குப் போய் வலையில் மீன் கழற்றுவது. கச்சான் பிடுங்குகிற கூலி வேலை, மாமாவின் கடையில் கணக்கு எழுதுவது, எழுத்துத் தெரியாத அயலவருக்குப் பிரதேச செயலகப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குத் தண்ணீர்ப்பந்தலில் வருடாவருடம் நிற்பது. சம்பளம் வந்தால் ‘வேலை’ என்ற பிரிவில் போடுங்கள், வராவிட்டால் ‘குடும்பப் பொறுப்பு’ அல்லது ‘சமூக சேவை’. மாணவர் தலைவர், சாரணர், தமிழ்த்தினப் போட்டி இருந்தால் அவற்றையும் போடுங்கள். அவற்றை எழுத யாரும் சொல்லித் தரத் தேவையில்லை.

பத்தையும் நிரப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐந்து உண்மையான வரிசை போதும். மணிக்கணக்கை உள்ளதைவிடக் கூட்டிப் போடாதீர்கள். பள்ளிக்கூடம், நித்திரை, வேலை மூன்றையும் கூட்டினால் வாரத்துக்கு 168 மணிக்குமேல் வருகிற விண்ணப்பங்களை நானே பார்த்திருக்கிறேன்.

5. கட்டுரையும் சூழ்நிலைப் பெட்டியும்

2020 இல் கொமன் அப் 250 சொல்லில் ஒரு புதிய பெட்டி வைத்தது: கொரோனா உங்களை எப்படிப் பாதித்தது? விரும்பினால் நிரப்பலாம். 2025-26 படிவத்தில் அதன் பெயர் ‘சவால்களும் சூழ்நிலைகளும்’ என்று மாறிவிட்டது. பெட்டி இருக்கிறது, நோய்தான் தலைப்பில் இல்லை. இப்போது விண்ணப்பிக்கிற பிள்ளைக்கு இது நல்லது. கொரோனா வந்தபோது நீங்கள் சின்ன வகுப்பு. தரம் 9, 10 காலத்தில் உங்களை அடித்தது 2022 இன் நெருக்கடி: மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தது, பசளை இல்லாமல் விளைச்சல் விழுந்தது, பரீட்சைத் தாள் அச்சடிக்கக் கடதாசி இல்லாதது. பிறகு வெள்ளம். இவற்றை இந்தப் பெட்டியில் எழுதுங்கள்.

எழுதும் முறை மிக எளிது. என்ன நடந்தது, எவ்வளவு காலம், அதனால் படிப்பில் என்ன குறைந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். நாலே விஷயம். இங்கே உணர்ச்சி வேண்டாம், அலங்காரம் வேண்டாம். ‘வீட்டில் ஒரு கைபேசி, மூன்று பிள்ளைகள், தண்ணீரூற்றில் எங்கள் பக்கம் சிக்னல் இல்லாததால் குளக்கட்டில் ஏறி நின்று வட்ஸ்அப்பில் பாடக்குறிப்பு இறக்கினேன்’ என்று ஒரு பையன் எழுதினான். அது போதும்.

பெரிய கட்டுரை, 650 சொல் வரை போகிற கட்டுரை, வேறு. அதில் சூழ்நிலையைவிட நீங்கள் யார் என்பது தெரிய வேண்டும். இங்கே எனக்கு ஒரு கருத்து உண்டு, அதை ஒளிக்காமல் சொல்கிறேன். போரைப் பற்றி எழுதினால்தான் இடம் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்கு யாரோ சொல்லிவிடுகிறார்கள். 2009 எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் இன்று விண்ணப்பிக்கிற பிள்ளை அப்போது இடுப்பில் இருந்த குழந்தை. அந்தக் கதை அம்மாவுடையது, பெரியம்மாவுடையது. அவர்களைக் கேட்காமல் அதை எடுத்து ஒரு படிவத்தில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. காணாமற்போன மாமாவின் படத்துக்கு முன்னால் இருந்து படித்து வளர்ந்தீர்கள் என்றால், அந்த வீட்டில் வளர்ந்தது உங்கள் கதை. அதை உங்கள் கண்ணால் கண்டபடி எழுதுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் தேடிப் போகாதீர்கள்.

தருமபுரம் பக்கத்துப் பையன் ஒருவனின் முதல் வரைவு ‘கல்வியே என் ஆயுதம்’ என்று தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். 2022 இல் என்ன செய்தாய் என்று கேட்டேன். மண்ணெண்ணெய் இல்லாமல் தோட்டத்து வோட்டர் பம்ப் நின்றுவிட்டதாம். 14 வரிசை மிளகாய்க் கன்று. அவனும் சித்தப்பாவும் வாளியில் அள்ளி ஊற்றினார்கள். எல்லாவற்றுக்கும் தண்ணீர் காணாது. எந்த வரிசை முதலில் வாடுகிறது என்று ஒவ்வொரு நாளும் கொப்பியில் குறித்தான். பனையடி நிழல் விழும் இரண்டு வரிசை பிந்தித்தான் வாடின. சரி, நிழலை எப்படி மற்ற வரிசைகளுக்குக் கொண்டுபோவது? வைக்கோல் மூடாக்குப் போட்டுப் பார்த்தான். ஐந்து வரிசை தப்பியது, ஒன்பது செத்துப்போனது. செத்த ஒன்பதையும் எழுது என்றேன். தயங்கினான், பிறகு எழுதினான். அந்தக் கட்டுரையில் அவன் தன்னைக் கெட்டிக்காரன் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

எழுதியதை ஆங்கில ஆசிரியரிடம் காட்டி இலக்கணம் திருத்தலாம். வேறொருவர் எழுதித் தரக்கூடாது. செயற்கை நுண்ணறிவுச் செயலியும் எழுதித் தரக்கூடாது. யாழ்ப்பாணத்தில் ஒரு முகவரிடம் பெரிய தொகை கொடுத்த குடும்பம் ஒன்று பிறகு என்னிடம் வந்தது. முகவர் எழுதிக் கொடுத்த கட்டுரையில், அந்தப் பிள்ளை வாழ்க்கையில் தொட்டே பார்க்காத பியானோவைப் பற்றி இரண்டு பந்தி இருந்தது. அவளுக்கு அது தெரியவே தெரியாது. காசும் போய், அந்த ஆண்டும் போனது. கொழும்பில் அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் எடியுகேஷன் யூ.எஸ்.ஏ. ஆலோசனை நிலையம் இருக்கிறது. ஆலோசனை இலவசம். முதலில் அங்கே எழுதிக் கேளுங்கள்.

6. கடிதங்கள்

இரண்டு பாட ஆசிரியர்கள், அதோடு பள்ளிக்கூடத்தின் சார்பில் ஒருவர். அமெரிக்காவில் அதற்கென ஒரு ஆலோசகர் இருப்பார். எங்களுக்கு அதிபரோ பகுதித் தலைவரோதான். அவர்களுக்கு கொமன் அப் நேரடியாக மின்னஞ்சல் அனுப்பும். ஆசிரியரின் பெயரில் நீங்களே மின்னஞ்சல் முகவரி திறந்து கடிதத்தையும் நீங்களே ஏற்றுகிற வேலை இங்கே நடக்கிறது. பிடிபட்டால் அந்தப் பள்ளிக்கூடத்தின் அடுத்த பிள்ளைக்கும் வாசல் பூட்டிவிடும்.

எங்கள் ஆசிரியர்களுக்கு நற்சான்றிதழ் எழுதித்தான் பழக்கம்: ‘ஒழுக்கமானவர், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன்.’ ஆகவே கேட்கப் போகும்போது ஒரு தாளில் மூன்று சம்பவங்களை எழுதிக்கொண்டு போங்கள்: "சேர், பரிசோதனைக்கூடத்தில மின்சாரம் நிண்ட அண்டைக்கு நாங்கள் செய்தது ஞாபகமோ?" அவருக்கு ஞாபகம் வரும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கினால் தமிழில் எழுதட்டும், மொழிபெயர்ப்போடு சேர்த்து ஏற்றலாம். குறைந்தது ஒன்றரை மாதம் முன்பே கேளுங்கள். மூன்றாம் தவணை முடிந்து டிசம்பர் விடுமுறை தொடங்கினால் யாரையும் பிடிக்க முடியாது.

7. அனுப்புகிற மாதம்

கொமன் அப் ஓகஸ்ட் முதலாம் திகதி திறக்கும். வழமையான முடிவுத் திகதி பெரும்பாலும் ஜனவரி முதல் வாரம். நவம்பர் முதலாம் திகதிக்கு முந்திய விண்ணப்பம் ஒன்று உண்டு. அதில் ஒரு வகை, இடம் தந்தால் கட்டாயம் போக வேண்டும் என்ற உடன்படிக்கை. பண உதவி நிச்சயமாகத் தெரியாத நிலையில் அதில் கையெழுத்து வைக்க வேண்டாம்.

நேர்முகம் இருந்தால் இப்போது பெரும்பாலும் சூமில்தான். இதுவும் கொரோனாவுக்குப் பிறகு பரவலானது. கல்லூரியை நேரில் பார்க்கவில்லை என்ற குறையும் போய்விட்டது. இணையவழி அறிமுகக் கூட்டங்களில் சேருங்கள், பதிவு செய்துவிட்டு உண்மையாகவே இருந்து கேளுங்கள். எங்களுக்கு அது நடுச்சாமமாக இருக்கும்.

இன்னும் ஒன்று. அமெரிக்காவில் இன்னும் அந்த நாள் முடியவில்லை, பத்து மணித்தியாலம் கூட இருக்கிறது என்று நினைத்துப் பிந்துகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். கொமன் அப்பில் முடிவு நேரம் விண்ணப்பிக்கிறவரின் உள்ளூர் நேரப்படி இரவு 11.59. அதாவது முல்லைத்தீவு நேரப்படி. மாரி மழைக்காலம், எந்த நேரமும் கரண்ட் போகும், டேற்றா முடியும். டிசம்பர் 27 அல்லது 28 அனுப்பி முடிக்கும்படி திட்டமிடுங்கள். அனுப்ப முன்பு முழு விண்ணப்பத்தையும் கொமினிகேசன் கடையில் அச்சடித்து, பேனையோடு இருந்து ஒரு தரம் வாசியுங்கள். கைபேசித் திரையில் தெரியாத பிழை தாளில் தெரியும். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். தகப்பன் பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பதில்தான் எங்கள் ஆட்களுக்கு அதிகம் குழம்பும்.

அனுப்பிய சில நாளில் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனிக் கணக்கு திறக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்பும். கடவுச்சொற்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கைபேசி தண்ணீரில் விழுந்தாலும் கொப்பி இருக்கும். ஜனவரி முழுக்க வாரத்தில் இரண்டு நாள் அந்தக் கணக்குகளையும், தேவையற்ற மின்னஞ்சல் விழும் பெட்டியையும் திறந்து பாருங்கள். அதிபரின் கடிதமோ வருமானச் சான்றிதழோ வந்து சேரவில்லை என்றால் அங்கேதான் முதலில் தெரியும்.